வடை பாயசத்தோடு

இலை போட்டார்கள்.

அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறியலில் பிடித்து மண்டபத்தில் அடைத்தால் மத்தியானம் ஓர் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். ஆறு மணிக்கு விடுதலை. இதுதான் வழக்கம். போலீசுக்கும் தெரியும், போராடுகிறவர்களுக்கும் தெரியும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மறியல் வையுங்கள் என்று மண்டபத்துக்காரர் ஒருமுறை அவளிடமே கேட்டுக்கொண்டார்.

இன்றைக்குத் தலைவாழை இலை.

நூற்றுச் சொச்சம் பெண்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல வரிசையாக உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியவர்கள். நல்ல பசி.

அவளுக்குப் பசியில்லை. களைப்பு. இன்று காலையில் வந்த களைப்பு இல்லை, பத்து வருடத்துக் களைப்பு.

வாசலில் பெயர் எழுதிய பெண் எஸ்.ஐ. தொழில் என்ன என்று கேட்டிருந்தாள். முன்னாள் மேயர் என்றாள் இவள். அது தொழில் இல்லையே மேடம் என்றாள் எஸ்.ஐ. கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். கடைசியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஐந்து வருடம் சிவப்பு அங்கி போட்டிருந்தாள். மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர். பஜாரில் பெண்களுக்குக் கழிப்பறை. சாக்கடையில் ஆள் இறக்கக் கூடாது என்று ஊரிலேயே முதல் உத்தரவு. நல்ல மேயர் என்று எதிர்க்கட்சிக்காரனே சொன்னான். சொந்தக் கட்சி மறுபடி சீட்டுத் தரவில்லை. அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

வந்தவள் வந்தவள்தான்.

இப்போது தெற்கு வாய்க்கால் கரை. நூற்றுப் பத்து வீடுகள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்.

வீட்டுக்கு ஒருத்தர் போதாது, எல்லோரும் வாருங்கள் என்று நேற்றுச் சொன்னது அவள்தான். கூட்டத்தைக் காட்டினால்தான் கலெக்டர் இறங்கி வருவார். கரையே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டது.

ஆண்களை வேறு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு பக்கெட்டில் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மணிக்குப் பேச்சுவார்த்தை என்றார்கள்.

சாம்பார் வந்தது. கூட்டு வந்தது. அப்பளம் வந்தது.

பக்கத்து இலையில் ஆவுடையம்மாள். கரையில் இட்லிக் கடை போடுகிறவள். எட்டு வருடமாக எந்த மறியலானாலும் அவளை ஒட்டித்தான் உட்காருவாள்.

"இன்னைக்கு போலீஸ்காரங்களுக்கு என்ன வந்துச்சு, இப்படி விழுந்து விழுந்து கவனிக்காங்க" என்று சிரித்தாள்.

வடை வந்தது.

பிறகு பாயசம்.

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

பன்னிரண்டு வருடம் இருக்கும். அவள் மேயர். மழைக்கு ஊர் மூழ்கியதால் வடக்கு வாய்க்காலை அகலப்படுத்த வேண்டியிருந்தது. கரையில் நாற்பது வீடுகள். மறித்த ஆண்களை மண்டபத்தில் வைத்தார்கள். பொட்டலத்தைத் தின்றுவிட்டு இரண்டு மணிக்கே சுவர் ஏறிக் குதித்துப் போய் இயந்திரத்துக்கு முன்னால் படுத்துவிட்டார்கள். தடியடி. ஒரு பெரியவருக்கு மண்டை உடைந்தது.

மறுநாளும் பிடித்தார்கள். அன்று அவளே போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். இலை போடுங்கள். வடை பாயசத்தோடு, பந்தி பந்தியாக, நிதானமாகப் போடுங்கள். சாப்பிட்டால் கண் சொக்கும். அதற்குள் வேலை முடிந்துவிடும். ஒருவர் மேலும் அடி விழக்கூடாது.

விழவில்லை. வேலை முடிந்தது.

இரக்கம் என்றுதான் நினைத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

மண்டபத்துக் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். இந்நேரம் இயந்திரம் இறங்கியிருக்கும். பாதிக் கரை போயிருக்கும்.

பேசாமல் இருந்துவிடலாம். ஆறு மணிக்கு எல்லோரோடும் போய், எல்லோரோடும் மாரில் அடித்துக்கொண்டு அழலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அப்படியும் ஒரு நிமிஷம் நினைத்தாள். அவளும் மனுஷிதானே.

எழுந்து நின்றாள்.

"எந்திரிங்க. அங்க வீட்டை இடிச்சுக்கிட்டு இருக்காங்க."

குரல் எழும்பவில்லை. காலையிலேயே மைக்கில் தீர்ந்துபோயிருந்தது. இன்னொரு தடவை சொன்னாள்.

ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போனுகூட இல்லயே. ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

சொன்னாள். இப்படிப் பந்தி போடச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று சொன்னாள். மேயராக இருந்தபோது என்றாள். வடக்கு வாய்க்காலை இடித்தபோது என்றாள். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அதற்குள் பந்தி கலைந்துவிட்டது. இலைகளை மிதித்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது.

ஆவுடையம்மாள் மட்டும் ஓடவில்லை. மெதுவாகத்தான் எழுந்தாள்.

"நாங்க இந்தக் கரைக்கு எங்கேருந்து வந்தோம்னு நீங்க கேட்டதே இல்லயேம்மா. வடக்கு வாய்க்கால்லேருந்துதான். எங்க வீட்டுக்காரரு அந்தப் பந்தியில இருந்தாரு. அங்க வீட்டை இடிக்கையில இங்க உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்துட்டேனேன்னு சாகுத வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

எச்சில் கையோடு கதவைத் தட்டப் போனாள்.

பின்னாலேயே போகலாமா என்று மேயரம்மாவுக்குத் தெரியவில்லை.