வியாழக்கிழமை ஆட்டம்

சியனா நகருக்குப் பக்கத்தில் நான்கு நாள் கோல்ஃப் விடுமுறைக்கு எர்மன்னோ போட்ட திட்டத்தைப் பார்த்து, அவன் மனைவி ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது.

"வியாழன் மத்தியானம்தான் ஆடணுமா? பந்துக்கு வெள்ளிக்கிழமை உருளத் தெரியாதா?"

"அன்னைக்குத்தான் போட்டி. கூட ஆடுறவர் நம்ம அட்டையில ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடின்னு எழுதி, கையெழுத்தும் போடுவார்."

"பெரிய பத்திரப்பதிவு! சரி, நான் என்ன பண்ணட்டும்?"

"எப்பவும் போல வீட்ல சாப்பிட்டுட்டு, ஜன்னலையெல்லாம் சாத்திட்டு நிம்மதியாத் தூங்கு."

இத்தனை பரிவாக அவன் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. ஒர்னெல்லா உருகிப்போனாள்.

வியாழனன்று ஒன்பதாவது குழியில் பந்தைத் தள்ளிவிட்டு எர்மன்னோ கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டே முக்கால். கூட ஆடிய வக்கீல் அட்டையில் எழுதிக்கொண்டார். எர்மன்னோவுக்கு மூச்சு சீரானது.

அப்போது இரண்டு கைகள் பின்னாலிருந்து அவன் கண்களைப் பொத்தின.

"பயந்துட்டியா? உன்னை மட்டும் தனியா விட்டுடுவேனா? காலையிலேயே ரயில் ஏறிட்டேன்!" என்று சிரித்தாள் ஒர்னெல்லா.

"அப்போ வீட்ல?"

"நம்ம ஜெம்மா இருக்கா. பூனையைப் பார்த்துக்கணுமே. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வேலை பாவம், மத்தியானம் சாப்பிட்டுட்டு என் கட்டில்லயே படுத்துக்கறேன்னா. போன் பண்ணி மகளைத் தொந்தரவு பண்ணாதே."

எர்மன்னோ மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

கூலிக்கு அமர்த்திய ஆளிடம் அவனே சொல்லியிருந்தான்: "சரியா ரெண்டு மணி. அறை இருட்டா இருக்கும். முகத்தையெல்லாம் பார்க்க வேண்டாம், கட்டில்ல ஒருத்திதான் படுத்திருப்பா."