அடிபட்டவனுக்கான வேகம்

பெட்ரோல் விலை எகிறிய வருஷம். பேத்தமங்கலம் ஏரியின் மோட்டார் படகு அஞ்சு லிட்டரில் அக்கரை போய்த் திரும்பாவிட்டால் விற்றுவிடுவோம் என்றார்கள் படகு கிளப்காரர்கள்.

படகோட்டி கஜபதி முன்பு தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜ் கூண்டை இயக்கியவர். அடிபட்டவனைக் குலுக்காமல் மேலே ஏற்றும் அதே வேகத்தில் படகைத் தனியாக ஓட்டினார். படகின் மூக்கு தூக்கவே இல்லை.

திரும்பியதும் கிளப் ஃபோர்மேன் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். ஒரு லிட்டர் மிச்சம்.

"இன்னா கஜபதி, ஜெயிச்சுட்டயே!" எல்லோரும் கைதட்டினோம்.

கஜபதி பின்சீட்டைப் பார்த்தார். ஓர் ஆள் படுத்திருந்த நீளத்துக்கு ஈரம்.

"மேல வந்துட்டோம் நைனா, எழுந்துரு."

ஈரக் காலடிகள் படகிலிருந்து இறங்கி, சுரங்கத்துக்குப் போகும் ஊரிகம் ரோட்டில் ஒவ்வொன்றாக நடந்துபோயின.

இந்த முறை கைதட்டியது கஜபதி.