ஏழு பச்சை விளக்குகள்

லேப்டாப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது ஒருவர் கண்விழித்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, வளர்மதியின் மாமனார் தில்லைநாயகத்துக்கு அந்த அடுக்ககத்தில் தனி மவுசு. வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? விடிந்ததும் ஆளாளுக்குப் பேட்டரியை அவர் மேசையில் மாட்டிவிட்டுப் போவார்கள். அவரும் சுடுகிறதா, உப்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அவர் கண் மூடினால் சார்ஜர் கத்தும், பச்சை விளக்கு அணைந்து சார்ஜ் நின்றுவிடும்.

"மாமா, கண்ணைத் தொறங்க!" என்று வளர்மதி அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"முழிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்" என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும்.

அன்று காலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சமையல் நிம்மதியாக முடிந்தது. மூன்றாம் மாடி பிரின்ஸி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, என் பேட்டரி அதுக்குள்ள ஃபுல்லாயிடுச்சு. இன்னைக்குத் தாத்தா கண்ணே அசரல போல!"

"ஆமா, நானும் அதான் பாக்குறேன்" என்று சிரித்துவிட்டு, வளர்மதி அவருக்கு மோர் கொண்டுபோனாள்.

மாமனாரின் கை கடைசிப் பேட்டரியின் மேல் கிடந்தது. தொட்டாள். பேட்டரி இளஞ்சூடாக இருந்தது, கை சில்லிட்டிருந்தது. கண்கள் திறந்தே இருந்தன. ஏழு பச்சை விளக்குகளும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன.