உப்பலில் யாருக்கு வீடு?

கோங்குராக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மடி நிறைய இலை, விரலெல்லாம் மண்.

"ஏட்டி சபீனா, இங்க வந்து பாரு!" என்று கூப்பிட்டார் என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸ்.

அவருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. மாடியில் குடியிருக்கும் வீட்டு ஓனர் ருக்மிணி அம்மாவின் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று கீழே எடுத்துவந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் தமிழ்ச் செய்தி. ஓரத்தில் சிவப்பு சறுக்குமரம், குட்டி நாற்காலி விளம்பரம்.

வேறொரு பக்கம் திறந்தார். அது சமையல். வெண்டைக்காய்ப் பொரியலுக்குப் பக்கத்தில் அதே சறுக்குமரம், கூடவே ஓர் ஊஞ்சல்.

"போற இடமெல்லாம் வருதே அத்தான்?"

"நெட்டுல ஒரு கடையைப் பாத்தோம்னா, இன்னதைப் பாத்தோம்னு இந்தப் பெட்டிக்குள்ளயே ஒரு குறிப்பைப் போட்டு வச்சிருவான். அப்புறம் எங்க போனாலும் அதையே நீட்டுவான். நீ துணிக்கடையில ஒரு சேலையைத் தொட்டுட்டு வந்தா, கடைக்காரன் அதைத் தூக்கிட்டு உன் பின்னாலயே தெருத் தெருவா வந்த மாதிரி."

"அப்ப இதெல்லாம் பாத்தது ருக்மிணி அம்மாவா? அவுக வீட்டுல சின்னப் பிள்ளையே கிடையாதே!"

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

ருக்மிணி அம்மாவுக்கு எங்கள் ஜெனியைக் கண்டாலே ஆகாது. மூணு வயசுப் பிள்ளை, மொட்டை மாடிக்கு ஓடும். "நக்கோ, நக்கோ! வேண்டாம்! இறக்கு அவளை!" என்று கத்துவார். போன வாரம் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டே போட்டுவிட்டார். பிறகு கொத்தனார் வந்தார், வெல்டிங்காரர் வந்தார். என்னம்மா வேலை என்று கேட்டதற்கு, "உனக்கெதுக்கு?" என்றார்.

"புரிஞ்சுபோச்சு," என்றார் இவர். "பிளே ஸ்கூல் ஆரம்பிக்கப் போறாக. இப்பத்தான் தெருவுக்கு ஒண்ணு முளைக்கே! மேல விளையாட்டு, கீழ நம்ம போர்ஷன்ல கிளாஸ்."

"அப்ப நாம?"

"அவுக போவச் சொல்லுததுக்கு முன்னால நாமளே மரியாதையாப் போயிருவோம்."

தெலுங்கு பேசும் இந்த ராமச்சந்திராபுரத்தில் நாலு பேரிடம் வாய் திறக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. தண்ணீர் லாரிக்காரரை "ஆகண்டி" என்று கூப்பிட்டு நிறுத்த இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்தா?

எங்களிடம் வேறு கம்ப்யூட்டர் இல்லை. அதிலேயே, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் உப்பலில் வாடகை வீடு தேடினார். அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஏழெட்டு வீடு பார்த்தோம். சாயங்காலம் கம்ப்யூட்டரைத் துடைத்து மாடியில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வாசலில் ருக்மிணி அம்மா.

"ஃபெலிக்ஸ் என் கம்ப்யூட்டரை என்ன பண்ணினான்? நியூஸ் திறந்தா உப்பல்ல வீடு வாடகைக்கு. சாமி பாட்டு கேக்கலாம்னா உப்பல்ல டபுள் பெட்ரூம். ராசிபலன் பக்கத்துலயும் உப்பல்! கைக்கு? எதுக்குங்கறேன்? யாருக்கு உப்பல்ல வீடு?"

"நீங்க போறீங்களா?" குரல் சட்டென்று இறங்கியது. "நான் கத்தறது பிடிக்கலையா?"

"இல்லம்மா... நீங்க பிளே ஸ்கூல் வைக்கப் போறீங்கன்னு..."

"பிளே ஸ்கூலா! உன் மக ஒருத்தி பின்னால ஓடவே எனக்கு மூச்சு வாங்குது!"

ஜெனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப்போய்ப் பூட்டைத் திறந்தார்.

முழங்கால் உயரமே இருந்த கைப்பிடிச் சுவரின் மேல், சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் புது இரும்புக் கிரில். நடுவில் சிவப்பு சறுக்குமரம். குட்டி நாற்காலி. ஊஞ்சல்.

ஜெனி இடுப்பிலிருந்து நழுவி ஓடினாள்.

"பூட்டு போடற வரைக்கும் தினமும் அந்தச் சுவர்ல எட்டிப் பாத்துட்டு நின்னா கழுதை. என் உயிரே போச்சு. ஞாயித்துக்கிழமை அவ பர்த்டேக்குத் திறக்கலாம்னு இருந்தேன். கெடுத்துட்டீங்க ரெண்டு பேரும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டே முறைத்தார். "இப்பச் சொல்லு. யாருக்கு உப்பல்ல வீடு?"

"அது வந்தும்மா... இவுகளுக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பாவம், ரொம்ப நாளா வீடு கிடைக்காம... அவருக்காகத்தான் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து..."

"அம்மா, ரா! இங்க வா! தள்ளு! வேகமாத் தள்ளு!" என்று ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்து கத்தினாள் ஜெனி. சொல்லவந்த பொய்யைப் பாதியில் விட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.