எழுந்து போகாதவன்

“அண்ணா, உங்க வீட்ல யாரோ கூப்பிடுறாங்க,” என்றான் பத்து நிமிஷம்.

கடைசிச் சுற்று. திரையில் நாங்கள் நாலு பேரும் ஒரு மொட்டைமாடிச் சுவரை ஒட்டிப் பதுங்கியிருந்தோம். எதிரணியில் இரண்டு பேர் மிச்சம். படிக்கட்டில் அவர்கள் ஏறிவரும் காலடி ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

“வாயை மூடுறா, ஆட்டத்தைக் கவனி,” என்றான் கழுகு.

பத்து நிமிஷத்தின் நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஏதோ ஓர் அச்சகத்தில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வருவான். வரும்போதே “பத்து நிமிஷந்தாண்ணா இருப்பேன்” என்பான். அதுவே ஒட்டிக்கொண்டது.

கேம் ஆடுகிறவர்களில் ஹார்ட்கோர், கேஷுவல் என்று இரண்டு ரகம். ஒன்றுக்கு முட்டினாலும் எழுந்திருக்காதவன் ஹார்ட்கோர் என்பது கழுகின் விளக்கம்.

என்னுடையது இன்னும் சுருக்கம். கூப்பிட்டால் எழுந்து போகாதவன்.

பத்து நிமிஷம் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து போகிற ஆள். முதலாளி வந்துட்டாரு என்பான். மெஷின்ல தாள் சிக்கிடுச்சு என்பான். அவன் ஆள் மட்டும் கையில் துப்பாக்கியோடு நட்டநடு ரோட்டில் நின்று குண்டடிபட்டுச் சாகும். மாமியார் போனுக்காக மட்டும் மூன்று தடவை செத்திருக்கிறான்.

அவன் வந்து எட்டு மாதம். தரவரிசையில் நாற்பது இடம் கீழே வந்துவிட்டோம்.

நாங்கள் மூவரும் வேறு மாதிரி. கழுகு நாற்காலியிலேயே தூங்குவான். டாக்டர், மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டதால் அந்தப் பெயர், விரல் நடுங்கக்கூடாது என்று காப்பியை விட்டவன். நான் கிடங்கில் பார்த்த ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டேன். பகலெல்லாம் தூங்கினால் எப்போது ஆடுவது?

செட்டிங்ஸையும் விட்டுவைக்கவில்லை. பேசுகிறவனின் குரலும் ஆட்டத்தின் சத்தமும் மட்டும் வந்தால் போதும். பின்னால் நாய் குரைப்பது, குழந்தை அழுவது, அடுத்த அறையிலிருந்து யாராவது பேசுவது எல்லாவற்றையும் வெட்டிவிடும் வடிகட்டியைப் போட்டுக்கொண்டோம்.

பத்து நிமிஷத்துக்கு செட்டிங்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எல்லாம் அவன் காதில் விழும்.

படிக்கட்டுக் கதவு திறந்தது. கேமில் நாலு துப்பாக்கிகள் சுட்டிருக்க வேண்டும். மூன்றுதான் சுட்டன.

தோற்றோம்.

“கேப்டன், இன்னிக்கு ஒரு முடிவு சொல்லு,” என்றான் கழுகு. “அடுத்த மாசம் போட்டி. ஒண்ணு இந்தச் சொத்தை இருக்கணும், இல்ல நாங்க ரெண்டு பேரும் இருக்கணும். நீ என்ன இவனுக்குப் பொண்ணு கொடுத்திருக்கியா?”

டாக்டர் சிரித்தான்.

அணியிலிருந்து ஆளை நீக்குகிற உரிமை கேப்டனான எனக்கு மட்டும்தான். பட்டியலைத் திறந்தேன். மூன்று பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்.

“தூக்கிடுங்கண்ணா, பரவால்ல,” என்றான் பத்து நிமிஷம். “நான் சும்மா பொழுதுபோக்குக்கு வர்றவன். ஆனா நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. பாவம், ரொம்ப நேரமாக் கூப்பிடுறாங்க. கேம் எங்கயும் ஓடிடாது.”

கேம் எங்கயும் ஓடிடாது. அணியில் சேர்ந்த முதல் வாரமும், யாரோ கூப்பிடுறாங்க என்று இதையேதான் சொன்னான்.

“அதனாலதாண்டா நீ கேஷுவல்,” என்றேன் அன்றைக்கு. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் வாயை அடைக்க என் மைக்கை அணைத்துவிட்டு ஆடினேன். நாற்பது நிமிடம். ஜெயித்தோம். இன்றுவரை அதுதான் எங்களுடைய சிறந்த ஆட்டம்.

அதற்கப்புறம் மைக்கை அணைத்ததில்லை. பன்னிரண்டரைக்கே திறந்து வைத்துவிடுகிறேன். இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறேன். சட்டை தொப்பலாகிவிடும்.

கழுகின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினேன். “டேய், உனக்கென்ன பைத்...” என்று அவன் குரல் பாதியில் அறுந்தது. அடுத்து டாக்டர்.

“அய்யய்யோ! அண்ணா, ஆள் மாறிடுச்சு,” என்று பதறினான் பத்து நிமிஷம். “என்னைத்தான் தூக்கணும்.”

“சரியாத்தான் தூக்கியிருக்கேன். நீ சொல்லு. என்ன சொல்றாங்க?”

அவன் காதைத் தீட்டிக்கொள்வது தெரிந்தது. மூச்சுக்கூட விடவில்லை.

வடிகட்டியை எடுத்துவிட்டு நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டும், சுவரில் காதை வைத்தும். எனக்குக் கேட்பதில்லை.

“தண்ணி கேக்குறாங்கண்ணா,” என்றான். “உங்க அம்மாவா?”

அடுத்த அறையின் கதவு திறந்தே இருந்தது. அம்மாவின் உடலை எடுத்த மறுநாளே கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டேன். தரையில் அதன் நாலு கால்களின் தடம் எட்டு மாதமாகியும் போகவில்லை.

“அண்ணா? லைன்ல இருக்கீங்களா? எனக்கு மணி அடிச்சிட்டாங்க, மெஷினுக்குப் போகணும்.”

“அம்மாதான்,” என்றேன். “இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருடா.”