மூன்றாவது கன்வர்ட்டர்

"எட்டிப் பார்க்கக் கூடாது! துண்டை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க" என்றாள் நோரா.

"இன்னும் இறக்கினா மூக்கையும் சேர்த்துக் கட்டின மாதிரி ஆயிடும். மூச்சு எப்படி விடறது?" சோபாவில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர் விஜய்குமார் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய் வந்து பிரியாணியும் சாப்பிட்டாகிவிட்டது. சந்தாபுரா ஃப்ளாட்டின் ஹாலில் பரீட்சை ஆரம்பமாகியிருந்தது.

விஜய்குமார் ஸ்ட்ரீமர் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. போனைத் தொட்டால் போதும், கேட்ட பாட்டை ஸ்பீக்கரில் பாடவைக்கும் பெட்டி. அதற்குள் அவருக்கு அது போதவில்லை. 'யூ.எஸ்.பி. கேபிள் போட்டு ஃபைலைச் சத்தமா மாத்தற கன்வர்ட்டர் ஒண்ணை வெளியே தனியா வெச்சாத்தான், நுணுக்கமா ரெக்கார்ட் பண்ணின ஹை-ரெஸ் பாட்டு முழுசா வெளியே வரும்' என்று கிளம்பிவிட்டார். கட்டைவிரல் அளவில் ஒன்றை வாங்கினார். டிபன் டப்பா அளவில் இன்னொன்றை, 'வீட்டுல வெச்சுக் கேட்டுப் பாருங்க சார்' என்று கடைக்காரரே கொடுத்தனுப்பியிருந்தார்.

"பெருசுதான் பெஸ்ட்" என்று அவர் தீர்ப்புச் சொன்னபோது நோரா விடவில்லை.

"கண்ணால பார்த்துட்டு சொல்றீங்க. காதால கேட்டுட்டு சொல்லுங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன். அதோட, மாடி வீட்டு கேரல்கிட்டேர்ந்து மூணாவதா ஒண்ணும் கொண்டு வந்திருக்கேன். அது என்னன்னு கடைசியிலதான் சொல்லுவேன்."

விஜய்குமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை நாளாக இந்தப் பெட்டிகளின் பக்கமே அவள் வந்ததில்லை. அதற்குக் காரணமும் அவருக்குத் தெரியும். அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது ஒரே ஒரு பாட்டைத்தான். வாத்தியம் எதுவும் இல்லாமல் நோரா தனியாகப் பாடிய பாட்டு.

தங்கவயலில் சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்தே சர்ச்சில் பாடியவள் அவள். போன வருஷம் தைராய்டு ஆபரேஷன். "பேச்சு வந்துடும். பாட்டு பத்தி இப்போ எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பேச்சு வந்தது. அவளோ சர்ச்சின் கொயர் பாட்டுக்குழுவை விட்டு விலகிக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் பதிவான அந்தப் பாட்டை வீட்டில் அவர் போட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு, கொயருக்கு ஆர்கன் வாசிக்கும் கேரல் வீட்டுக்குப் போய்விடுவாள்.

இன்று அவளே, "நம்ம பாட்டையே போடலாமா?" என்று கேட்டிருந்தாள்.

"ஒண்ணாவது!"

பாட்டு எழுந்தது. விஜய்குமார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பாடற மாதிரி இருக்கு. இது சின்னதுதானே?"

"கேள்வி கேட்காதீங்க. ரெண்டாவது!"

இந்த முறை அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆங்! ஜன்னலைத் திறந்தாச்சு. பக்கத்துல வந்துட்டே. மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்குது பாரு."

"கேட்குது, கேட்குது. பாட்டை நிறுத்தறேன். மூணாவதுக்குக் கொஞ்சம் டைம் ஆகும்."

கேபிளை உருவும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

"என்னம்மா, ஸ்ட்ரீமர் புதுசைக் கண்டுபிடிக்கலையா? செட்டிங்ஸ்ல போய் அவுட்புட்டை மாத்தணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க வாயை மூடிட்டுக் காதைத் திறந்து வைங்க." அவள் குரல் லேசாக நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆய்த்தா? ரெடியா?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"ஆய்த்து."

மூன்றாவது முறையாக அதே பாட்டு தொடங்கியது.

விஜய்குமாரின் கை சோபாவின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டது. முதல் அடி முடிந்து இரண்டாவது அடியும் வந்த பிறகுதான் வாய் திறந்தது.

"நோரா... இது வேற! குரல் அப்படியே ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல நிக்குது. கை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கு."

பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

"வளையல் சத்தம்கூடக் கேட்குது! இத்தனை தடவை கேட்டிருக்கேன், இதுல வளையல் சத்தம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. அந்த ரெண்டும் குரலை இஸ்திரி போட்டுக் கொடுத்துடுச்சு. இது எதையும் மறைக்கலை. மேலே போகும்போது லேசா ஒரு கரகரப்பு வருது பாரு, அதுதான் உயிரே!"

அந்த ஃபைலுக்குள் இவ்வளவு இருந்ததா? இந்தப் பெட்டி கையில் இருந்தால் போதும், அவள் குரல் இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகாது.

"பெருசை நாளைக்கே கடையில திருப்பிக் கொடுத்துடறேன். எனக்கு இதுதான் வேணும். என்ன கம்பெனி இது? கேரல் எங்கே வாங்கினாங்க? சொல்லும்மா!"

பதிலுக்குப் பாட்டுதான் வந்தது.

பொறுக்க முடியாமல் விஜய்குமார் துண்டை அவிழ்த்தார். கன்வர்ட்டர்கள் இரண்டும் கேபிள் சுற்றி மேஜைமேல் கிடந்தன. ஸ்ட்ரீமர் அணைந்திருந்தது. ஸ்பீக்கர்களுக்கு நடுவே, முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக, மூன்றாவது அடியைப் பாடிக்கொண்டிருந்தாள் நோரா.