கேமா! கேமா!

"நல்லாக் காதுல விழுந்துச்சு ஐயா. 'கேமா! கேமா!'ன்னு இந்தப் பொம்பளைதான் கத்துனா."

சாட்சிக் கூண்டிலிருந்து விரலை நீட்டினார் கணக்கப்பிள்ளை அபுந்தியோ. எதிர்க் கூண்டில் மக்ரீனா. காப்பிக் கொட்டை பொறுக்கும் சோங்கொலிக்கா மலைக்காரி. ஸ்பானிஷில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் தெரியாது. முதலாளியின் காப்பிக் கிடங்குக்குத் தீ வைத்ததாக வழக்கு.

கேமா என்றால் ஸ்பானிஷில் 'கொளுத்து'. கோர்ட்டில் அத்தனை பேருக்கும் அது தெரியும். வேறென்ன வேண்டும்?

"அப்புறம்?" என்று எடுத்துக் கொடுத்தார் அரசு வக்கீல்.

"சாப்பிட்டுட்டு கிடங்குக்குள்ள கொஞ்சம் கண்ணசந்தேன். முழிச்சா ஒரே புகை. இவ குரல் கேட்டுச்சு. அப்படியே மயங்கிட்டேன். கண்ணைத் தொறந்தா ரோட்டுல கிடக்கேன். குவாதலூப்பே மாதாதான் காப்பாத்துனா. எவ்வளவு செஞ்சாலும் இதுங்களுக்கு நன்றியே கிடையாது ஐயா."

"கூலியைக் குறைச்ச கோபம்," என்றார் அரசு வக்கீல். "இவ கத்தியிருக்கா, இவ கொழுந்தன் சிரீலோ கொளுத்தியிருக்கான். ரெண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில கிடக்கான். இதைவிட என்ன அத்தாட்சி?"

நீதிபதி மக்ரீனாவிடம் திரும்பினார். "கேமான்னு கத்தினியா?"

"கேமா!" என்றாள் அவள், பளிச்சென்று.

கோர்ட்டே சிரித்தது. "கோர்ட்டையும் கொளுத்தச் சொல்றாய்யா!" என்றான் பின்வரிசையில் ஒருத்தன்.

அவளுக்கென்று வந்த வக்கீல், "ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேளு, தண்டனை குறையும்" என்று கையெடுத்துக் கும்பிட்டு ஜாடை காட்டினார். மக்ரீனா அழுத்தமாகத் தலையாட்டி மறுத்தாள்.

அந்த நேரம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

டைப்பிஸ்ட் ஒத்தீலியா எழுந்து நின்றாள். மலைக்காரர்கள் வழி கேட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அவ்வளவு ராங்கி.

"ஐயா, கேமான்னா மலைக்காரங்க பேசுற நாவாட்டல்ல 'ஆமா'ன்னு அர்த்தம். நான் அவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்."

"அந்தப் பாஷையே தெரியாதுன்னு சொன்னியேம்மா?" என்றார் நீதிபதி.

"அப்படிச் சொன்னதாலதான் ஐயா வேலையே கிடைச்சுது."

"உக்காரு ஒத்தீலியா, வேலை போயிடும்!" என்று பல்லைக் கடித்தார் பக்கத்து சீட்டுக்காரர்.

"போனாப் போகுது. இந்தம்மா ஜெயிலுக்குப் போறதைவிட அது பரவாயில்லை."

நீதிபதி சரியென்றார். ஒத்தீலியா தன் தாய்மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். போலீஸ் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து தன் பேச்சு பேச ஓர் ஆளில்லாமல் தவித்த மக்ரீனா, அழுதுகொண்டே மடமடவென்று கொட்டித் தீர்த்தாள்.

"என்னம்மா சொல்றா?"

"தீயைப் பாத்துட்டு கொழுந்தன் மலைச்சரிவுல இருந்து ஓடி வந்திருக்கார் ஐயா. வரும்போதே ஒரு கேள்வி கேட்டிருக்கார். அதுக்குத்தான் 'ஆமா, ஆமா'ன்னு இவங்க கத்தியிருக்காங்க. அதைக் கேட்டதும் அவர் தீக்குள்ள பாஞ்சிருக்கார்."

"அப்படி என்ன கேள்வி?"

ஒத்தீலியா சாட்சிக் கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"'கணக்கப்பிள்ளை உள்ளேயா இருக்காரு?'ன்னு."